ஜாதி நாயும் அதன் எஜமானனும்

நம்மவர் பேச்சில் ஒரு சொல் வழங்குகிறது. தெருவிலே திரிவது வெறும் நாய். விலை கொடுத்து வாங்கிச் சங்கிலியிட்டு வளர்ப்பது 'ஜாதி நாய்'. இச்சொல் நாவிற் பழகிவிட்டமையால் இதனுள் அடங்கிய கருத்தை நாம் ஆராய்வதில்லை. குணம் இரத்தத்தில் ஊறியது, இன்ன வயிற்றிற் பிறந்தது இன்ன குணத்தோடுதான் இருக்கும், அதை மாற்ற எவராலும் இயலாது என்பதே அக்கருத்து. ஜாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று யாரேனும் வாய் திறந்தால், "நாயிலும் மாட்டிலும்கூட ஜாதி இருக்கிறதே, மனிதனில் மட்டும் எப்படி இல்லாமற் போகும்?" என்று மடக்குவோர் இன்றும் உளர். கேட்போரிற் சிலர் விடை தெரியாது விழிக்கின்றனர்.

இவ்வாதத்தைக் கேட்டு ஆத்திரப்படுவதிற் பயனில்லை. நாயின் சரித்திரத்தையே எடுத்து நோக்குவோமாயின் விடை தானே வெளிப்படும். பல இனங்களையும் பேசப் புகுந்தால் கட்டுரை நீளும். ஆதலின் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த ஒரு குடும்பத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் காளையின்மேல் ஏவுவதற்கென்று வளர்க்கப்பட்ட நாயின் குடும்பம் அது. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குள் அதன் வழிவந்தவற்றுள் ஒன்று மூச்சுவிடத் திணறும் செல்லப் பிராணியாயிற்று. ஒன்று கனவான்களின் துணையாயிற்று. ஒன்று தொழிலாளியின் வீட்டு நாயாயிற்று. ஒன்று சட்டத்தால் விலக்கப்பட்ட நாயாயிற்று. மூலம் ஒன்று, முடிவு நான்கு. இவ்வேற்றுமையைச் செய்தவர் யார் என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

காளையும் கம்பமும்

முற்காலத்து இங்கிலாந்தில் காளையைக் கம்பத்திற் கட்டி, அதன்மேல் நாய்களை ஏவி, ஜனங்கள் சூழ்ந்து நின்று பார்ப்பது ஒரு வேடிக்கையாயிருந்தது. நாய் தாழப் பதுங்கிச் சென்று காளையின் மூக்கைக் கவ்வ வேண்டும். காளை அதனைக் கொம்பால் தூக்கியெறியும். இவ்வாறு துன்புறுத்திக் கொன்ற காளையின் மாமிசம் மிருதுவாயிருக்கும் என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் உண்டு. காளையை நாய்களுக்கு இரையாக்காமல் கசாப்புக்காரன் அறுக்கலாகாது என்று விதி செய்திருந்த ஊர்களும் இருந்தன. மூடநம்பிக்கை நமது நாட்டின் தனிச் சொத்தன்று என்பதற்கு இஃதொன்றே போதும்.

இவ்வேடிக்கைக்கு ஏற்ற நாயைத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். கொம்புக்குத் தப்புமாறு குட்டையான கால், விடாது கவ்வுவதற்கு அகன்ற தாடை, வலியைப் பொருட்படுத்தாத பிடிவாதம் ஆகிய இவை வேண்டும். இவை இல்லாத குட்டிகள் கழிக்கப்பட்டன, உள்ளவை இணைசேர்க்கப்பட்டன. 'புல்டாக்' என்ற பெயரே காளையை ஒட்டி வந்ததுதான். அந்நாய் தானாக ஒரு நாளும் காளையைத் தேடிப் போகவில்லை. வேண்டியவன் மனிதன், தெரிந்தெடுத்தவன் மனிதன், பந்தயப் பணம் பெற்றவனும் மனிதனே.

1800ஆம் ஆண்டில் ஸர் வில்லியம் புல்ட்னி என்பவர் இக்கொடுமையைத் தடுக்கப் பார்லிமெண்டில் ஒரு மசோதா கொணர்ந்தார். அஃது இரண்டே வாக்குகளால் தோல்வியுற்றது. 1802இல் மீண்டும் வந்த மசோதாவும் தோற்றது. எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் விண்டம் என்ற அரசியல்வாதி. பிரபுக்கள் நரியையும் மானையும் வேட்டையாடுவது குற்றமில்லையாயின், ஏழைகளின் வேடிக்கையை மட்டும் தடுப்பது என்ன நியாயம் என்பது அவர் வாதம். இதில் ஒரு பாதி உண்மையே. ஆனால் ஒரு கொடுமை இருப்பதைக் காட்டி மற்றொரு கொடுமையைக் காப்பாற்றும் சாதுரியம் அது. சீர்திருத்தம் எங்கே தலையெடுத்தாலும் இந்தச் சாதுரியம் எதிர்வந்து நிற்பதை நாம் அறிவோம்.

ஆயினும் காலம் நின்றுவிடவில்லை. 1822இல் ரிச்சர்ட் மார்ட்டின் என்பவரின் முயற்சியால் கால்நடைகளை வதைப்பதைத் தண்டிக்கும் சட்டம் பிறந்தது. 1824இல் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் லண்டனில் நிறுவப்பெற்றது. அடிமை வியாபாரத்தை எதிர்த்த வில்பர்போர்ஸ் அதனை நிறுவியோருள் ஒருவர். 1835ஆம் ஆண்டின் சட்டம் காளை, கரடி முதலியவற்றின்மேல் நாயை ஏவுவதற்கும், நாய்ச் சண்டை, சேவற் சண்டை நடத்துவதற்கும் இடம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது.

ஒரு நாய், மூன்று எஜமானர்கள்

சட்டம் வேடிக்கையை விலக்கியது. நாய்கள் எஞ்சி நின்றன. இனி அவற்றை வைத்து என்ன செய்வது? இக்கேள்விக்கு மூவகை மனிதர் மூவகை விடை கண்டனர்.

முதல் வகையார் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பியவர்கள். காளையை மறைக்க முடியாது, நாயை மறைக்கலாம். ஆதலின் மதுக்கடைகளின் பின்கட்டிலும் நிலவறையிலும் தடுப்புச் சுவரிட்ட குழிபோன்ற களம் அமைத்து, நாயோடு நாயைப் பொருதவிட்டனர். அக்குழிக்கு ஆங்கிலத்தில் 'பிட்' என்று பெயர். வேகம் வேண்டி, பழைய புல்டாக் நாயை எலி பிடிக்கும் டெரியர் நாயோடு கலந்தனர். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்புப் பட்டறைகளும் நிறைந்த ஸ்டாபோர்ட்ஷயர் பகுதியில் இக்கலப்பு நாய்கள் பெருகின. இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. களத்தினுள் நாயின் அருகே மனிதனும் நிற்பான். கடித்துக்கொண்டிருக்கும் நாயைக் கையாற் பிடித்துப் பிரிப்பான். மனிதனைக் கடிக்கும் நாய் அங்கே அவனுக்கு உதவாது. அந்த மூர்க்கத்திலும் மனிதன் தனக்கு வேண்டிய அடக்கத்தைக் கேட்டு வாங்கினான்.

இரண்டாம் வகையார் அழகு தேடியவர்கள். பர்மிங்ஹாம் நகரத்து ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்னும் நாய் வியாபாரி, இக்கலப்பு நாயை வெள்ளை டெரியர் முதலியவற்றோடு சேர்த்து, 1860ஆம் ஆண்டுகளில் தூய வெண்ணிறப் 'புல் டெரியர்' ஒன்றை உண்டாக்கினார். தழும்பேறிய சண்டை நாயின் வழித்தோன்றல், இவ்விதமாகக் கனவான் ஒருவர் உலாப் போகும்போது கூட வரும் நாயாயிற்று. அதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று? மனிதரில் ஒரு தலைமுறைகூட ஆகவில்லை.

மூன்றாம் வகையார் பரிசு தேடியவர்கள். 1859இல் நியூகாஸில் நகரில் நாய்க் கண்காட்சி தொடங்கிற்று. 1873இல் கென்னல் கிளப் என்னும் சங்கம் ஏற்பட்டு வமிசப் பேரேடு எழுதலாயிற்று. 1875இல் புல்டாக் சங்கம் தோன்றியது. காளையோடு பொருத வேண்டிய அவசியம் போய்விட்டமையால் அந்நாயின் குணத்தைச் சாந்தமாக்கினார்கள், இது நல்லதே. ஆனால் உடலையோ பரிசுக்காக வளைத்தார்கள். தலை பெரிதாயிருந்தாற் பரிசு, மூக்கு உள்ளே அமுங்கியிருந்தாற் பரிசு, தோள் அகன்றிருந்தாற் பரிசு என்று ஆகவே, ஆண்டுக்காண்டு அவை மிகைப்பட்டன. விளைவு யாது? மூச்சுக் குழல் நெருக்குண்டு, வெயிலிற் சிறிது நடந்தாலும் திணறும் பிராணி உண்டாயிற்று. குட்டியின் தலை தாயின் இடுப்பெலும்பைக் கடவாது. பிரிட்டனில் 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, புல்டாக் ஈற்றுகளில் 100க்கு 80க்கு மேற்பட்டவை வயிற்றைக் கீறியே எடுக்கப்பட்டன. தன் குட்டியைத் தானே ஈன முடியாத பிராணிக்கு உயர்ந்த ஜாதி என்று பெயர்! 2008இல் பி.பி.சி. நிறுவனம் இவ்விஷயத்தைப் படமாக எடுத்துக் காட்டிய பின்னரே கென்னல் கிளப் விழித்து, 2009இல் புல்டாக் இலக்கணத்தைத் திருத்திற்று.

இவ்விடத்தில் நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. கெட்ட எஜமானன் என்றவுடன் சண்டைக்கு நாய் வளர்ப்பவனே நம் கண்முன் வருகிறான். பட்டு மெத்தையில் நாயைக் கிடத்திப் பரிசுக் கோப்பையைத் துடைத்து வைப்பவனும் அவ்வரிசையில் நிற்கக்கூடும். முன்னவன் நாயின் தோலைக் கிழித்தான். பின்னவன் அதன் மூச்சையே நெரித்தான்.

பேரேட்டிலே பெயர் மாறிய விதம்

குடியேறிய மக்களோடு இந்நாய்கள் அமெரிக்காவுக்கும் சென்றன. அங்கே 1898இல் பென்னட் என்பவர் யுனைட்டெட் கென்னல் கிளப் என்ற சங்கத்தை நிறுவி, மற்றச் சங்கங்கள் ஏற்காத இந்நாயை 'அமெரிக்கப் பிட் புல் டெரியர்' என்ற பெயரிற் பதிவு செய்தார். சண்டைக் களத்தின் பெயர் நாயின் பெயரிலேயே ஏறிவிட்டது.

ஆயினும் அக்காலத்து அமெரிக்கர் இந்நாயை வெறுத்தாரல்லர். முதல் உலக யுத்தக் காலத்துச் சுவரொட்டிகளில் அமெரிக்காவின் துணிவுக்கு அடையாளமாக வரையப்பட்டது இந்த நாயே. 1917இல் நியூ ஹேவன் நகரில் திரிந்துகொண்டிருந்த 'ஸ்டப்பி' என்ற குட்டை வால் நாய், புல் டெரியர் கலப்பு எனக் கருதப்பட்டது. அது 102ஆம் காலாட்படையோடு பிரான்ஸுக்குச் சென்று, விஷவாயு வருவதை முன்னுணர்ந்து சிப்பாய்களை எழுப்பியும், காயமுற்றோரைக் கண்டுபிடித்தும் புகழ்பெற்றது. 1926இல் இறந்த அதன் உடல் பதப்படுத்தப்பெற்று ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையைச் சேர்ந்தது.

1935இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப், ஸ்டாபோர்ட்ஷயர் தொழிலாளிகளின் நாயை 'ஸ்டாபோர்ட்ஷயர் புல் டெரியர்' என்ற பெயரோடு ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டில், அஃதாவது 1936இல், அமெரிக்கன் கென்னல் கிளப்பும் பிட் புல் நாய்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் 'பிட்' என்ற சொல்லை நீக்கி 'ஸ்டாபோர்ட்ஷயர் டெரியர்' என்று எழுதியது. 1972இல் அப்பெயரின்முன் 'அமெரிக்க' என்ற அடைமொழி சேர்ந்தது. ஆகவே ஒரே நாய் ஒரு பேரேட்டில் பிட் புல்லாகவும், மற்றொரு பேரேட்டில் வேறு பெயரோடும் நின்றது. கணக்கெழுதிப் பழகியவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். சரக்கு ஒன்றுதான், எழுதிய தலைப்பு வேறு.

சட்டம் யாரைத் தண்டித்தது

1980ஆம் ஆண்டுகளில் நிலைமை மாறியது. அமெரிக்க நகரங்களில் போதைப்பொருள் விற்போரும் அடிதடிக் கூட்டத்தாரும், பிறரை அச்சுறுத்தும் பொருட்டு இந்நாயைத் தேடி வாங்கினர். எங்கும் கிராக்கி ஏற்படவே, தாய் தந்தை நாய்களின் குணத்தை நோக்காமல் பணத்தையே நோக்கிக் குட்டிகளைப் பெருக்குவோர் மிகுந்தனர். கடிபட்டோர் உண்டு, இறந்த குழந்தைகளும் உண்டு. பத்திரிகைகள் பல்லைக் காட்டும் நாயின் முகத்தை அட்டையில் அச்சிட்டு விற்றன. யுத்த வீரனாயிருந்த நாய் அறுபது எழுபது ஆண்டுகளுக்குள் அரக்கனாயிற்று. இடையில் இரத்தம் மாறவில்லை. சங்கிலியைப் பிடித்த கை மாறிற்று.

1989இல் டென்வர் நகரம் பிட் புல் நாய்களைத் தடை செய்தது. 1991இல் பிரிட்டன் அபாயகரமான நாய்கள் சட்டத்தைக் கொணர்ந்து, பிட் புல், ஜப்பானிய டோஸா முதலிய நான்கு வகைகளை விலக்கியது. அச்சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. நாய் இன்ன வகை என்பதை அதன் பெற்றோரைக் கொண்டு முடிவு செய்வதில்லை. தலை, மார்பு, கால் ஆகியவற்றின் அளவையும் தோற்றத்தையும் கொண்டே முடிவு செய்வர். ஆதலின் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுள் ஒன்று சட்டத்திற்கு உட்பட்டதாகவும் மற்றொன்று விலக்கப்பட்டதாகவும் ஆகலாம். ஒருவரையும் கடியாத நாயும் உருவத்தால் குற்றவாளியாகலாம்.

பயன் என்ன? 2016இல் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் கணக்கெடுத்துக் காட்டியது. 1991 முதல் அதுவரை பிரிட்டனில் நாய்களால் மாண்டவர் 30 பேர். அவர்களுள் 21 பேரைக் கொன்றவை தடை செய்யப்படாத வகை நாய்கள். ஹாலந்து 1993இல் விதித்த பிட் புல் தடையை, கடிபடுவோர் தொகை குறையாமை கண்டு 2008இல் கைவிட்டது. டென்வர் மக்களும் 2020இல் வாக்களித்து, தடைக்குப் பதிலாக அனுமதிச் சீட்டு முறையை ஏற்றனர்.

பிரிட்டனிலோ, பழைய வகை தடைப்பட்டதும் புதிய வகை வந்து சேர்ந்தது. பிட் புல் வழியில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட 'எக்ஸ்.எல். புல்லி' என்னும் பேருருவ நாயைப் பலர் வாங்கினர். உயிர்ச் சேதங்கள் நேர்ந்தமையால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 டிஸம்பர் 31 முதல் அதனை விற்பதும் இனம் பெருக்குவதும் குற்றமாயின. 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றில்லாமல் வைத்திருப்பதும் குற்றமாயிற்று. விலக்குச் சான்று பெற்ற நாய்களோ 50,000க்கு மேற்பட்டன. மாண்டோரின் குடும்பத்தினர் துயரை நாம் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. பேருருவமும் வலிய தாடையும் உடைய நாய் கடித்தால், சிறு நாய் கடிப்பதினும் தீங்கு பெரிது என்பது உண்மை. ஆதலின் அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆயினும் 1991இல் ஒரு பெயரை விலக்கினார்கள். மனிதர் வேறொரு பெயரை உண்டாக்கிக்கொண்டனர். எஜமானனை விட்டு நாயைத் துரத்தும் சட்டத்திற்கு இதுவே கதி.

குணத்தில் இரத்தத்தின் பங்கு எவ்வளவு?

இனத்திற்குக் குணத்திற் பங்கே இல்லையோ என்று சிலர் கேட்கலாம். உண்டு, அதை மறுப்பது பகுத்தறிவாகாது. ஆட்டு மந்தையை மேய்க்கும் நாய்க்கும் மோப்பம் பிடிக்கும் நாய்க்கும் இயல்பிற் சில வேறுபாடுகள் இருக்கின்றன. ஆனால் அப்பங்கின் அளவு யாது? 2022இல் 'ஸயன்ஸ்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சியில், 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி எஜமானர்கள் கூறிய விடைகளையும், 2,000க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் நடத்தையிற் காணும் வேறுபாட்டில் இனத்தால் விளக்கத்தக்க பகுதி 100க்கு ஏறக்குறைய 9 மட்டுமே என்று கண்டனர்.

இதற்கு நடைமுறைச் சான்றும் ஒன்று உண்டு. 2007இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், மைக்கல் விக் என்ற புகழ்பெற்ற காற்பந்து ஆட்டக்காரருக்குச் சொந்தமான இடத்தில் நாய்ச் சண்டை நடத்தியது வெளிப்பட்டது. அவர் சிறை சென்றார். மீட்கப்பட்ட ஏறத்தாழ 50 பிட் புல் நாய்களைக் கொன்றுவிடுவதே வழி என்று பலர் கூறினர். நீதிமன்றமோ வல்லுநர்களைக் கொண்டு ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராயச் செய்தது. அவற்றின் பராமரிப்புக்கென விக் 9 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த வேண்டியதாயிற்று. அவற்றுட் பெரும்பாலானவை காப்பகங்களுக்கும் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டன. சில மருத்துவமனை நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் பணிக்கும் பழக்கப்பட்டன. கூட்டமாகப் பார்த்தபோது கொல்லத்தக்கவையாய்த் தோன்றியவை, ஒவ்வொன்றாகப் பார்த்தபோது வேறாய் நின்றன.

பொறுப்புள்ள வளர்ப்பு யாது

நாய் வளர்ப்பதே பாவம் என்று நாம் கூற வரவில்லை. வளர்ப்பவன் தன் பொறுப்பை உணர வேண்டும் என்பதே நம் கருத்து. இனம் பெருக்க விரும்புகிறவன், தாய் தந்தை இரண்டின் குணத்தையும் நோயையும் ஆராய்ந்த பின்னரே இணைசேர்க்க வேண்டும். நெருங்கிய இரத்தத்தில் மீண்டும் மீண்டும் கூட்டலாகாது. பெண் நாயை ஈற்று இயந்திரமாக்கலாகாது. குட்டியை எட்டு வாரமாவது தாயோடு வைத்திருந்து, அப்பருவத்திலேயே மனிதர், குழந்தை, ஓசை முதலியவற்றோடு பழக்க வேண்டும். நாயின் அச்சமும் சினமும் பெரும்பாலும் அம்முதற் சில வாரங்களிலேயே தீர்மானமாகின்றன. வாங்க வருகிறவனைக் கேள்வி கேட்க வேண்டும். தகாதவனுக்கு விற்க மறுக்க வேண்டும். 2020 முதல் இங்கிலாந்தில் இடைத்தரகர் நாய்க்குட்டி விற்பது தடைப்பட்டுள்ளது. குட்டியைத் தாயோடு கண்டு, வளர்த்தவனிடமே வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

வாங்குகிறவன் கடமையும் சிறிதன்று. பகல் முழுதும் சங்கிலியில் கட்டிப்போட்டு, அடித்து, பசிக்க வைத்து, அயலார் அஞ்சினாற் பெருமிதப்படுகிறவன் தன் அச்சத்தையே நாயின் கழுத்தில் கட்டியிருக்கிறான். சிங்கப்பூர் பிட் புல் முதலிய வகைகளை இறக்குமதி செய்ய விடுவதில்லை. அவ்வகையில் முன்னரே உள்ளவற்றை வைத்திருப்போர்க்கு மைக்ரோசிப், கருத்தடை, 100,000 வெள்ளிக் காப்புறுதி, வெளியே கொண்டு செல்லும்போது வாய்க்கூடு ஆகியவற்றை விதித்திருக்கிறது. மலேசியாவும் பிட் புல் இறக்குமதியைத் தடுத்திருக்கிறது. இவற்றுள் எஜமானன் தலையிற் பொறுப்பைச் சுமத்தும் பகுதியையே நாம் மெச்சுகிறோம். பெயரைத் தடுக்கும் பகுதியால் மட்டும் கடி நில்லாது என்பதைப் பிறநாட்டு அனுபவம் காட்டியிருக்கிறது.

மடக்குவோர்க்கு விடை

இனி, நாயிலும் ஜாதி உண்டே என்று மடக்குவோரைக் கேட்போம். உண்டு, அதை உண்டாக்கியவன் மனிதன். யாரோடு யார் கூட வேண்டும் என்று ஒருவன் மேலே இருந்து தீர்மானித்து, வேண்டாத குட்டிகளைக் கொன்று, வேண்டியவற்றைப் பூட்டி வைத்துச் செய்த வேலை அது. அவ்வளவு செய்தும் குணத்தில் 100க்கு 9 பங்கே அவன் கைக்கு வந்தது. மனிதரை அவ்வாறு பூட்டிப் பெருக்கிய எஜமானன் எவனும் இல்லை. அப்படியிருக்க, பிறப்பைக் கண்டே குணத்தைக் கூறுவது எந்த விஞ்ஞானம்?

இம்மயக்கம் வெறும் பேச்சோடு நின்றதுமன்று. 1871இல் இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர், சில வகுப்பாரைப் பிறவிக் குற்றவாளிகள் எனப் பதிவேட்டில் எழுதி, குற்றம் செய்யாதவரையும் போலீஸ் காவலில் வைக்கச் சட்டம் செய்தனர். சென்னை மாகாணத்தில் 1947லும் இந்தியா முழுதும் 1952லும் அது நீங்கியது. எழுதியவர்கள் போய்விட்டனர், எழுதப்பட்டவர்களின் பேரர்மேல் அப்பழி இன்னும் முற்றும் அகன்றபாடில்லை. பேரேட்டில் எழுதும் ஒரு சொல் எவ்வளவு காலம் நின்று வருத்தும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

நாய்க்கு வாயில்லை, தன்மேல் ஏற்றிய பெயரை அது மறுக்க முடியாது. ஆதலின் அதன் கெட்ட பெயரை அதை வளர்த்தவன் கணக்கில் எழுதுவதே நேர்மை. மனிதனுக்கோ வாயுண்டு, அறிவுண்டு. பிறப்பைக் காட்டித் தன்மேல் ஒருவன் எழுதும் பெயரை அவன் ஏன் ஏற்க வேண்டும்? நாய்க்குட்டி வாங்கும் அன்பர்கள் அதன் ஜாதியைக் கேட்பதை விடுத்து, அதன் தாயையும் அதை வளர்த்தவனையும் தம்மையும் ஒருமுறை ஆராய்ந்து வாங்குவார்களாக. ஜாதி என்ற சொல்லை மனிதர்க்கு வழங்கும் பழக்கத்தையோ அடியோடு மறப்பார்களாக.